ஏழாம் வாரம்

18 ஜனவரி 2000, செவ்வாய்

காலை ஏழரை வரை மலை தெரியவில்லை. பனி. மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை, தேவையும் இல்லை.

பேராசிரியரின் புரூப் வந்துவிட்டது. ஆறாம் அத்தியாயம், பக்கம் 36 முதல் 62 வரை. கருவில் உறுப்புகள் உருவாகும் விதம். கல்லூரி மாணவர்களுக்கான புத்தகம். அவருக்கு விலங்கியல் தெரியும், தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. அதற்குத்தான் நான். இதுவரை ஐந்து அத்தியாயங்கள். என் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது.

முதல் ஐந்தும் வறட்டு விஷயம். இது அப்படியில்லை. படிக்கும்போது மூன்று முறை எழுந்து கூடத்தில் நடந்தேன்.

குறித்துக்கொள்ள:
– எந்தச் செல்லுக்கும் முழு உடம்பின் படம் தெரியாது. பக்கத்துச் செல்கள் அனுப்பும் சமிக்ஞை மட்டும்தான் தெரியும். வளர். நில். நகர். செத்துப் போ.
– விரல்களுக்கு இடையில் உள்ள செல்கள் உத்தரவு வந்ததும் சாகின்றன. அதனால்தான் விரல் பிரிகிறது. வாத்தின் காலில் அந்த உத்தரவைத் தடுத்துவிடுகிறார்கள். (யார்? பேராசிரியர் ‘தடுக்கப்படுகிறது’ என்றுதான் எழுதியிருக்கிறார்.)
– கோழிக் கருவில் சிறகு முளைக்கும்போது, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரல் பக்கம் ஒட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டு வரிசை விரல்!
– இதைச் செய்யும் மரபணுவின் பெயர் முள்ளெலி. இப்படிப் பெயர் வைத்தவனை எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருப்பார்.

‘செறிவுச் சரிவு’ என்று ஒரு பூதம், பக்கம் 39. சமிக்ஞை புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் ஜாஸ்தி, தள்ளிப் போகப் போகக் கம்மி. எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று செல் தெரிந்துகொள்கிறது. மலைமேல் தீபம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து ஊர் எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் வருகிறவன் சொல்வதில்லையா, அதுபோல. ஓரத்தில் எழுதிவிட்டேன். ஏற்றுக்கொள்வாரோ என்னவோ.

பக்கம் 41. முகம். வாயைச் சுற்றி ஐந்து மொட்டுகள் வளர்ந்து வந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. ‘மேலுதடு ஏழாம் மாதத்தில் இணைகிறது.’

பேனாவைக் கீழே வைத்தேன். ஏழாம் மாதம்!

வரிசையாக எழுதி வைக்கிறேன். அடுத்த வீட்டு ருக்மணியின் மருமகள் தேன்மொழி. போன ஆடி அமாவாசை மாலையில் கிரகணம். அவளுக்கு ஏழு மாதம். கிரகண நேரத்தில் தன் வீட்டு மாடியில் நின்றிருந்தாள். என் மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கத்தினேன். ஐப்பசி பிறக்கும் முன் குழந்தை பிறந்தது. பெண். மேலுதடு பிளந்து. “அன்னிக்கே சொன்னேன்” என்றேன். கிரகணத்தை நம்புகிறவள் அல்ல நான் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். ஆனால் மாதக் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தினால்?

உடனே ருக்குவிடம் போய்ச் சொன்னேன். தையில் மருமகளைத் தாய்வீட்டிலிருந்து அழைத்து வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மகன் ரவி ஓசூரில் வேலை, அம்மா சொன்னால்தான் எதுவும்.

“புஸ்தகத்துலயே போட்டிருக்கா அக்கா?”

“பக்கம் நாற்பத்தொன்று.”

அவள் முகம் சுண்டிப் போயிற்று. நான் சொல்வது சரி என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் இப்படித்தான்.

20 ஜனவரி, வியாழன்

பௌர்ணமிக் கூட்டம் காலையிலேயே வர ஆரம்பித்துவிட்டது. செங்கம் ரோட்டில் பஸ் ஹாரன். பால் தாமதம்.

நேற்றெல்லாம் பக்கம் 44. தண்டுவடம் ஆகப்போகும் குழாயின் முகட்டிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கிளம்பி நடக்கின்றன. தலையைச் சுற்றி இறங்கி முகத்துக்கு வருகின்றன. தாடை எலும்பு, பல்லின் உட்பகுதி, எல்லாம் அவை. முகம் என்பது நடந்து வந்தவர்கள் கட்டியது. அறுபத்தெட்டு வயதில் இது தெரிகிறது எனக்கு. பள்ளியில் விஞ்ஞானத்தில் முதல் மார்க் வாங்கி, பதினேழில் கல்யாணம். சரி.

கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். வேலைக்கு வரும் குப்புவின் வீட்டில் கோழி செவ்வாயிலிருந்து அடை காக்கிறது. ஒரு முட்டை கேட்டேன்.

குப்பு: “இன்னாம்மா இது! இத்தினி வருஷமா வெங்காயத்தையே தள்ளி வெச்சிக்கினு இருந்துட்டு, இப்ப ஆம்லெட்டு கேக்குதா?”

“சாப்பிட இல்லை. பார்க்க.”

“முட்டையில இன்னா பாக்கறது? அது வெள்ளையா கீது.”

துணியில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது, “மூலஸ்தானத்துக்கா எடுத்தாரேன்?” என்றாள்.

அவள் ஊரும் அடி அண்ணாமலைதான், தேன்மொழியின் தாய்வீட்டுத் தெரு. அந்தப் பெண் வாசலுக்கே வருவதில்லையாம். குழந்தையைத் தூக்கினாலும் முகத்தைத் துண்டால் மூடித்தான். கேட்காமலே சொன்னாள்.

21 ஜனவரி, வெள்ளி

துடிக்கிறது!!

பின்கட்டில், தனிக் கிண்ணம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஓட்டைத் தட்டி ஊற்றினேன். மஞ்சளின் மேல் சிவப்பு நூல் வலை. நடுவே கடுகளவு ஒரு புள்ளி, துடிக்கிறது. மூன்றே நாள். கோழி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, கால் இல்லை, அலகு இல்லை, ஆனால் இருதயம் வேலையை ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் இரண்டு குழாய்களாகத் தொடங்கி, நடுவில் வந்து சேர்ந்து ஒன்றாகிறதாம். கடிகாரத்தை வைத்து எண்ணினேன். இரண்டு முறை எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

குப்பு குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, “இத்த தெரிஞ்சிக்கினு நான் எப்பிடிம்மா இனிமே முட்டை உடைப்பேன்?”

“கடை முட்டையில் கரு இருக்காது. தைரியமாக உடை.”

மெல்ல நின்றுபோயிற்று. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். தலைக்குக் குளித்தேன். வருத்தம் உண்டு. ஆனாலும் பொய் எழுத மாட்டேன், நாள் முழுக்கச் சந்தோஷம்.

22 ஜனவரி, சனி

ஊர் காலி. தெருவெல்லாம் தண்ணீர்ப் பாக்கெட்.

பக்கம் 58. அட்டவணை. ‘மனிதக் கருவில் எட்டாம் வார முடிவுக்குள் முக்கிய உறுப்புகள் அனைத்துக்கும் அடித்தளம் அமைந்துவிடுகிறது. முகம் முழு வடிவம் பெறுகிறது.’

எட்டாம் வாரம். பக்கம் 41இல் உதடு ஏழாம் மாதம்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒன்று பிழை. எது என்று உடனே தெரிந்துவிட்டது. கோழிக்கு மூன்று நாளில் இருதயம், மனிதக் குழந்தைக்கு ஏழு மாதம் வரை உதடு இல்லாமலா? யோசித்தாலே தெரியும். யோசிக்கவில்லை.

பேராசிரியருக்குப் போன். எடுக்கவில்லை.

23 ஜனவரி, ஞாயிறு

காலை எட்டுக்கே பேராசிரியர் வீடு. கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார். ‘ஏழாம் வாரத்தில்.’ தெளிவாக. கம்ப்யூட்டரில் அடித்த பெண் மாதம் என்று போட்டுவிட்டாள்.

“அதனால என்ன மேடம், அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க, புடிச்சிட்டீங்க பாருங்க” என்றார்.

பிடிக்கவில்லை. ஒற்றை ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் சிவப்பு மையால் வட்டம் போடுகிற நான், இதைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். எனக்குச் சாதகமாக இருந்ததால் பிழை கண்ணில் படவில்லை.

உதடு ஏன் ஒட்டாமல் போகிறது என்று கேட்டேன். ஒரு பக்கம் வளர்ந்து வரக் கொஞ்சம் பிந்தலாம், சமிக்ஞை குறையலாம், சில குடும்பங்களில் வரும், பெரும்பாலும் இன்னதென்று சொல்ல முடியாது என்றார். “தெரியாதுன்னு எழுதறது கௌரவக் குறைச்சல் இல்ல மேடம்.” இருக்கலாம். எனக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்து போன வருஷத்து டயரியை எடுத்தேன். 3 மார்ச், மாசி மகத்துக்கு மறுநாள்: ‘ருக்கு மைசூர்பாகுடன். மருமகள் குளித்து ஐம்பத்தைந்து நாளாம். பாகு கெட்டி.’ காகிதத்தில் கணக்குப் போட்டேன். கரு தரிக்க ஆகும் இரண்டு வாரத்தைக் கழித்தால், அன்று கருவுக்கு ஆறு வாரம். நானும் ருக்குவும் மைசூர்பாகைக் கடித்துக்கொண்டிருந்த அந்த வாரம், அடுத்த வாரம், அதற்குள்தான் உதடு சேர்ந்திருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

கணக்கு முடிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் எனக்கு விளங்கி வருஷங்களாகிறது. கூடவே, நாளை ருக்குவிடம் போக வேண்டும் என்பதும்.

24 ஜனவரி, திங்கள்

போனேன். பத்தரை மணி. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

“ருக்கு, செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு. மாசம் இல்லை, வாரம்.”

“புஸ்தகத்துல போட்டிருக்குன்னீங்களேக்கா.”

“அச்சில் தப்பு.”

“இன்னிக்கு அது தப்பு. நாளைக்கு இது தப்புன்னு இன்னொரு பக்கம் வரும். உங்க பேச்சைக் கேட்டு, இப்ப அழைச்சிட்டு வர வேணாம்னு ரவிகிட்ட சொல்லிட்டேன்.”

நியாயம். டயரியை நீட்டினேன். மைசூர்பாகு நாள், கிரகண நாள், இரண்டையும் படித்துக் காட்டினேன். விரல் விட்டு எண்ண வைத்தேன். கீரைத் தண்டுகளை வாரத்துக்கு ஒன்றாகத் தரையில் அடுக்கினாள். ஏழாவது தண்டில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

“அப்போ யாருதான்க்கா பண்ணது?”

“யாரும் பண்ணலை.”

“மாடிக்குப் போனதால இல்லையா?”

“இல்லை.”

“சத்தியமா?”

“கிரகணத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிஞ்சு போச்சு ருக்கு.”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “நான்தான்க்கா அனுப்புனேன். மாடியில வடாம். தீட்டுப் பட்டுடும், ஓடிப் போய் எடுத்துட்டு வாடின்னு. கிரகணம் புடிக்கறதுக்குள்ள வந்துடுவான்னு நெனைச்சேன். நீங்க கத்துனதும் நான் சமையல்கட்டுக்குள்ள போய் நின்னுட்டேன். அவளும் வாயைத் திறக்கலை, இன்னி வரைக்கும்.”

நான் தரையில் உட்கார்ந்தேன். மூட்டு வலிக்கு நான் தரையில் உட்காருவதில்லை. மீதிக் கீரையை இருவருமாக ஆய்ந்தோம்.

26 ஜனவரி, புதன்

விடுமுறை. பள்ளிக்கூடத்தில் கொடி, மைக்கில் பாட்டு. நல்ல வெயில். ஆட்டோவில் அடி அண்ணாமலை, நானும் ருக்குவும்.

தேன்மொழியின் அம்மா “வாங்க” என்று ஒரு முறைதான் சொன்னாள். தேன்மொழி குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மூக்கு வழியாக வருகிறது. துடைக்கிறாள், காத்திருக்கிறாள், மறுபடி கொடுக்கிறாள். அவசரமே இல்லை. என்னால் அப்படிச் செய்ய முடியாது.

குழந்தையைப் பக்கத்தில் பார்த்தேன். இடது பக்கம். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. விரல்களை எண்ணினேன், பத்து. காது மடிப்பு, கண் இமை, நகம். எண்ண முடியாத உத்தரவுகள் ஒவ்வொன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்து நடந்திருக்கின்றன. ஒன்றே ஒன்று பிந்திவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிளந்த உதட்டோடு சிரிப்பு இன்னும் அகலம்.

வாரக் கணக்கைச் சொன்னேன். கேட்டாள்.

“நான் அன்னிக்கு மேல நிமிர்ந்துகூடப் பாக்கலை பெரியம்மா. முறத்தை எடுத்துக்கினு குனிஞ்சபடிதான் இறங்குனேன். நீங்கதான் கத்துனீங்க.”

“தப்பு. பிறந்தப்புறம் சொன்னதும் தப்பு.”

சொல்லிவிட்டேன். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

ருக்கு அழுதாள். தேன்மொழி அவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, “தலையைப் புடிங்கத்தை, தொங்குது பாருங்க” என்றாள். அவ்வளவுதான்.

ருக்கு: “வேலூர்ல அடுத்த மாசம் தைச்சிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரில்ல? தைச்சதும் வந்து அழைச்சிட்டுப் போறேன். ஊர் வாய்க்கும் ஒரு பேச்சு இருக்காது.”

“இல்லத்தை. தைச்சதுக்கப்புறம் வந்தா, தைச்சதாலதான் சேத்துக்கினாங்கன்னு ஆயிடும். வெள்ளிக்கிழமை வரேன். இப்படியே. துண்டு போட மாட்டேன்.”

பிறகு என்னைப் பார்த்தாள். “பெரியம்மா, நீங்க தூக்கிக்கினு வரணும். அன்னிக்கு நீங்க கத்துனது தெரு பூரா கேட்டுச்சு.”

ருக்கு, “ஏய், பெரியவங்ககிட்ட…” என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

28 ஜனவரி, வெள்ளி

ஐந்துக்கே எழுந்துவிட்டேன். பனி இல்லை. பக்கம் 41 திருத்தியாயிற்று, சிவப்பு மை, வாரம், கீழே இரண்டு கோடு. புரூப் பேராசிரியருக்குப் போய்விட்டது.

அரக்குப் பட்டு. கண்ணாடி. மெல்லிய துணி நான்கு, பால் துடைக்க. குழந்தையைத் தூக்கும்போது தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், நேற்று ருக்குவின் தலையணையை வைத்துப் பழகினேன்.

நாக்கு உலர்கிறது. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் மேடை ஏறும்போது இப்படி இருந்தது. பயம் என்று சொல்ல முடியாது.

ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டேன். குழந்தையோடு திரும்பும்போது வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது, எங்கள் தெரு முனையிலேயே இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து இருபத்திரண்டு வீடு. நடுத்தெருவில் நடப்பேன்.