செம்பில் அடிபட்ட பத்துக்காசு

அம்பாங் பெச்சா,
9.3.1952

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு அகதா எழுதுவது.

அண்ணன் மத்தியாஸைப் போலீஸ் இன்னும் விடவில்லை. அவர் ஓட்டிய லோரியில் அனுமதிச் சீட்டு இல்லாத அரிசி இருந்ததாம். காட்டில் பதுங்கிச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கா கொண்டு போனாய் என்று கேட்டுக் கேட்டு வதைக்கிறார்கள். அண்ணி மவுரீன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவளுக்குத் துணையாக வந்த இடத்தில் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

நேற்று, அங்கிருந்து கொண்டு வந்த பூட்டுப் பெட்டிக்குள் இருந்த என் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். செம்புப் பத்துக்காசு எங்கே?

பத்துக்காசுதானே என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் புழங்கும் பத்துக்காசு வெள்ளை. இது செம்பில் அடிபட்டது. நம் ஒரு காசுச் செம்பும் சதுரம், இதுவோ வட்டம். வேறெந்த நாட்டுக்கோ வெட்டி வைத்த தகடு தவறிப்போய் நம் பத்துக்காசு அச்சில் விழுந்திருக்கிறது. அப்பாவின் காப்பிக்கடைக் கல்லாவில் நான் அதைக் கண்டெடுத்தபோது, கள்ளக்காசு என்று அப்பா சாக்கடையில் வீசப் போனார். நான் விடவில்லை. கோலாலம்பூர் நாணயக் கடைக்காரர் எடை போட்டுப் பார்த்து, நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிசகு, அசல்தான் என்று சொன்னார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த உலகத்தில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

உடனே பதில் போடுங்கள்.

அகதா


அசாம் ஜாவா,
14.3.1952

அகதாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து நாற்காலியில் கணக்கெழுதும் கிராணி எட்டி எட்டிப் பார்க்கிறான். புருஷனுக்கு எழுதுகிற எழுத்தா அது?

ஆமாம், நீ புறப்படும் முன் நான்தான் எடுத்தேன். எடுத்து எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கொடுத்தேன். அவர் இந்த மாதிரிப் பிசகுக் காசுகளைச் சேர்க்கிறவர். யாருக்காகக் கொடுத்தேன்? உன் அண்ணனுக்காக! மத்தியாஸ் நல்லவன் என்று போலீசுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள் துரை என்று கெஞ்சினேன். எழுதுகிறேன் என்றார். அண்ணன் பெரிதா, டின்னுக்குள் கிடக்கிற செம்பு பெரிதா? மவுரீனிடமே கேட்டுப் பார்.

காப்ரியல்


அம்பாங் பெச்சா,
20.3.1952

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "அவரைப் போயி திட்டி எழுதினியே அகதா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஆனாலும் கோபம் ஆறவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் டின்னோடு தூக்கிக் கொடுத்திருப்பேனே? பூட்டின பெட்டியைத் திறந்து எடுத்தீர்களே, அதுதான் சுடுகிறது. சரி, போகட்டும். அன்றைக்கு அப்படி எழுதியதற்கு மன்னியுங்கள். துரைக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம்.

உங்கள் அகதா


அசாம் ஜாவா,
18.4.1952

அன்புள்ள அகதாவுக்கு,

மத்தியாஸ் வீடு வந்து சேர்ந்த சேதி கிடைத்தது. பார்த்தாயா, துரையின் எழுத்து என்ன வேலை செய்தது என்று! இனியாவது என்னைப் பேசுமுன் யோசி.

இன்னொரு சந்தோஷம். என்னைப் பெரிய கிராணியாக்கிவிட்டார்கள். தனி வீடு, வாசலில் குழாய். சீக்கிரம் வந்து சேர்.

காப்ரியல்


அம்பாங் பெச்சா,
2.5.1952

காப்ரியல் அவர்களுக்கு,

திங்கட்கிழமை நீங்கள் சம்பளப் பணம் எடுக்கக் கோலசிலாங்கூர் போயிருந்தபோது நானும் அண்ணனும் உங்கள் தோட்டத்துக்கு வந்தோம். மவுரீன் வளர்த்த கோழிகளில் கொழுத்த இரண்டைக் கூடையில் கட்டிக் கொடுத்திருந்தாள். துரைக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கேட்டில் காவலர்கள், உள்ளே அரிசி ஒளித்திருக்கிறதா என்று கூடையைக் கொட்டிச் சோதனை போட்டார்கள். கால் கட்டிய கோழிகளை அண்ணன் புழுதியிலிருந்து பொறுக்கி எடுத்தார்.

பங்களா வாசலில் அண்ணன் கும்பிட்டு நின்றார். "தொரை எழுதினதாலதான் நான் வெளிய வந்தேன்."

துரை நம் தமிழிலேயே கேட்டார். "நான் என்ன எழுதினேன்? யார் நீ?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். செம்புப் பத்துக்காசு என்று மட்டும் சொன்னேன். துரையின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அதுவா! காப்ரியல் சின்ன வயசில் காப்பிக்கடைக் கல்லாவில் கண்டுபிடித்தானாம். அப்பா சாக்கடையில் போட வந்தாராம், இவன் விடவில்லையாம். கெட்டிக்காரன்! அதனால்தான் மேலே தூக்கிவிட்டேன்."

என் அப்பா. என் கல்லா. என் வாயிலிருந்து வந்த கதையை அப்படியே உங்கள் கதையாக்கி விற்றிருக்கிறீர்கள். அண்ணன் பெயரை அவரிடம் ஒரு தடவைகூட நீங்கள் உச்சரிக்கவில்லை. அண்ணன் எப்படி வெளியே வந்தார் என்று விசாரித்தீர்களா? அரிசிக்கு அனுமதி வாங்கியிருந்த தவுக்கே, அந்தச் சீன முதலாளி, சீட்டைக் கொடுத்தனுப்ப மறந்து ஈப்போவுக்குப் போய்விட்டார். திரும்பியதும் நேரே போலீசுக்கு ஓடிப் போய்த் தன் தவறு என்று சொன்னார். அந்த மனுஷனுக்கு நாங்கள் ஒரு முட்டைகூடக் கொடுக்கவில்லை.

"அது நான் கண்டெடுத்தது தொரை" என்றேன். அவர் நம்பவில்லை. எடை எவ்வளவு, அரசர் தலைக்குப் பின்னால் கீறல் எந்தப் பக்கம், விளிம்பில் பல் எங்கே மழுங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உள்ளே போய் எடுத்து வந்து பார்த்தார். பிறகு என் கையில் வைத்து, "கொண்டு போ" என்றார். வாங்கிக்கொண்டேன். கோழிகளையும் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில் அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று. "உள்ள இருந்தப்ப அடிச்சாங்க, தாங்கிக்கிட்டேன் லா. இன்னைக்கு அந்த வாசல்ல நின்னதுதான் தாங்க முடியல."

துரை உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். பெரிய கிராணி வேலை நிலைக்குமோ போகுமோ, அது உங்கள் பாடு. குழாய் வைத்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். பங்குச் சாமியார் வந்து பேசினாலும் வரமாட்டேன்.

என் துணிமணி, தையல் மெஷின், அம்மா கொடுத்த மாதா படம், இவற்றை எடுத்து வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் லோரியோடு வருவார். ஆளை வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

அகதா