வெளி ஆள் வந்தால் மட்டும்

அக்கா,

இன்று காலை பக்கத்துப் பயற்றங்காய்த் தோட்டத்தில் மைனாக்களை விரட்ட யாரோ தகர டின்னை அடித்தார்கள். தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் எனக்கு உங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது.

இந்தத் தீவு நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்த ஆண்டு அது. நம் ஊர் வுனிமோனோவில் இந்தியர் வீடுகளில் புகுந்து கொள்ளையடித்தார்கள். போலீசுக்கு ஆள் போதவில்லை. நாமே காவல்குழு அமைத்தோம். வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின், ஒரு கட்டை. டின் சத்தம் கேட்டால் ஆண்கள் எல்லோரும் ஓடிவர வேண்டும். உங்கள் கணவர் தலைவர். தமிழ்நாட்டிலிருந்து வந்து உங்கள் பின்வீட்டில் குடியிருந்த வாத்தியாரான நான் செயலாளர்.

ஒரு மத்தியானம் உங்கள் டின் ஒலித்தது. பதினான்கு பேர் கத்தியோடு ஓடிவந்தோம். கொள்ளைக்காரர் யாரும் இல்லை. உதடு கிழிந்து, கையில் கட்டையோடு நீங்கள் வாசலில் நின்றீர்கள். பின்னாலேயே உங்கள் கணவர் வந்தார்.

"குச் நை, ஒண்ணுமில்ல. பூனையப் பாத்து பயந்துட்டா."

நாங்கள் சிரித்தோம். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தோம்.

மறுநாள் கூட்டத்தில் புது விதி போட்டார்கள்: வெளி ஆள் வந்தால் மட்டும் டின் அடிக்க வேண்டும். நோட்டில் எழுதியது என் கை. தேநீர்த் தட்டோடு கதவருகே நின்ற நீங்கள் என்னைத்தான் கேட்டீர்கள்.

"ஏன் மாஸ்டர், வெளி ஆளு அடிச்சா ஓடி வரீங்க. உள்ள ஆளு அடிச்சா வலிக்காதா?"

"வீட்டு சமாச்சாரம்க்கா, நாங்க எப்படி..." என்று இழுத்தேன்.

அதன்பின் நீங்கள் அந்த டின்னைத் தொடவில்லை. அடுத்த மழைக்காலத்தில், தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்து இறந்துவிட்டதாக அவர் சொன்னார். அன்று காலை உங்கள் அலறல் எனக்குக் கேட்டது. போலீஸ்காரர் விசாரித்தபோது எதுவும் கேட்கவில்லை என்றேன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வருடம் முடிவதற்குள் அவர் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தார். மாலை போட்டு அனுப்பினோம். வாழ்த்து வாசித்தவனும் நான்தான்.

குழுவில் பாதிப்பேர் இப்போது நாட்டிலேயே இல்லை. மிச்சமிருப்பவர்களையும் இளையவர்களையும் சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டினேன். இளையவர்களுக்குத் தமிழ் புரியாது. இந்தியிலேயே, போலீசிடம் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். இனி எந்த வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டாலும் சேர்ந்து போவோம் என்றேன்.

"செத்துப்போனவள ஏன் மாஸ்டர் இழுக்கிற?" என்று ஒரு பெரியவர் எழுந்து போனார். அவர் பின்னால் பலர் போனார்கள். கை தூக்கியது ஐந்து பேர்.

போன வாரம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் சத்தம். கை தூக்கியவர்களில் மூன்று பெண்களும் நானும் வாசலில் போய் நின்றோம். "யாரு கூப்ட்டா உங்கள?" என்று அந்த வீட்டுக்காரன் கத்தினான். நாங்கள் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு சுலபமாக இருந்தது, அக்கா.