அவன் காலில் என் காலுறை

பெரியவள் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? தைலத்தை மறக்காமல் தேய்த்துக்கொள்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை நடந்தது. எங்கள் கம்பெனி விடுதி ஜிம்மில் ஷூ இல்லாமல் ஓடக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் வாத்தியாராகப் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிய கால் கேட்குமா? டிரெட்மில்லிலும் அப்படியேதான் ஓடினேன். என் அறைத்தோழனான வெல்டர் பையனுக்கும் ஆசை வந்தது.

"உனக்குப் பழக்கமில்ல தம்பி, ஷூ போட்டுக்கோ" என்றேன்.

"மாட்டிக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்தே மாட்டிக்குவோம் சார்" என்று சிரித்தான்.

ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்தில் ஓடினோம். போன வாரம் அவன் கால்விரலில் தோல் உரிந்துவிட்டது. விடுதி மேலாளர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன். சார்தான் ஷூவைக் கழட்டச் சொன்னாரு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

இனி எனக்கு ஜிம்மில் அனுமதி இல்லை. அவனுக்கு உண்டு. அப்போதெல்லாம் வகுப்பில் விசில் சத்தம் கேட்டு, யார் என்று நான் கேட்டால், ஒரு பையன் சட்டென்று பக்கத்துப் பையனைக் கைகாட்டுவான். கைகாட்டியவனைத்தானே நானும் நம்பினேன்? எத்தனை பிள்ளைகளை வெளியே நிற்க வைத்தேனோ.

போகட்டும், தெருவில் நடக்கிறேன். அதற்கு ஷூ வாங்க வேண்டும். என் கால் அளவு என்ன? எப்போதும் நீதானே வாங்குவாய். காலுறையும் இரண்டு ஜோடி அனுப்பு. நீ கொடுத்த நீலக் காலுறையை, புண்ணில் தூசி படாமலிருக்க, நானே அவனுக்கு மாட்டிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் மேலாளர் முன்னால் நின்றான்.

கம்பெனிக் கிடங்கைத் திறக்க நேரமாகிவிட்டது.

பெரியவள் அப்பா