மொட்டைமாடி கேமராவும் நனைந்த மதர்போர்டும்

என்னங்க,

பதினொரு மணிக்கு மெக்கானிக் வருவார். கேமராப் பதிவெல்லாம் சேருமே, அந்த சர்வருக்குப் புது மதர்போர்டு மாட்டப்போகிறார். கதவைத் திறந்துவிடுங்கள். சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன்.

“அது தானா போயிடுச்சு” என்று என் காதில் பூ சுற்றினீர்கள். பழைய போர்டு முழுக்கத் தண்ணீர்க் கறை என்கிறார் மெக்கானிக். சர்வர் இருக்கும் அலமாரிக்குள் மழையா பெய்தது? அதுவும் மொட்டைமாடியில் கேமரா வைத்த மறுநாளே! டாக்டர் உங்களிடம் சிகரெட்டைத் தொடக்கூடாது என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

போர்டு போனால் பதிவும் போய்விடும் என்றுதானே நினைத்தீர்கள்? “பதிவெல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்கும்மா, போர்டை மாத்தினதும் பாக்கலாம்” என்றார் மெக்கானிக்.

நான் வர ஆறு மணியாகும்.

பி.கு. மாத்திரை ஃபிரிட்ஜ் மேலே.

இன்னொன்று: ஆறு மணிக்குள் நீங்களே போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிட்டால், சத்தியமாக அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்க மாட்டேன்.