சத்தமில்லாத மெஷின்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, நம் வீட்டு நில அதிர்வுப் பெட்டியைப் பார்க்க வரும் மெக்கானிக் எழுதுகிறார். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இங்கே பூமி ஆடியது என்று நினைத்துவிடாதே. அவர் கையெழுத்தே அப்படித்தானாம். அவரே சொல்லிச் சிரித்துவிட்டு இதையும் எழுதுகிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், தம்பி. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மெக்கானிக் தன் போனிலேயே உன்னைப் பிடித்துத் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். உன் குரலைக் கேட்டால் பாதியிலேயே தடுமாறி, அம்மா சௌக்கியம் என்று சொல்லி வைத்துவிடுவேன். கடிதம் என்றால் இடையில் அழுதாலும் மிச்சத்தைச் சொல்லலாம். ஊசி போட்டதில் அவள் தூங்குகிறாள். நாங்கள் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறோம். எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒரு பொய்யை எடுத்துவிடுகிறேன். நீ பணம் அனுப்பினாயே, அந்த வாஷிங் மெஷினை நாங்கள் வாங்கவில்லை.

முந்தாநாள் மெக்கானிக் பேட்டரி மாற்ற வந்தார். பெட்டி இருக்கும் குழியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நீங்கள் என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷமாகக் காலை வேளையில் உதவாத பெட்டி, இப்போது எங்கோ கடலடியில் பூமி லேசாக அசைந்தாலும் காட்டிக்கொடுக்கிறதாம். நீ வேலை பார்க்கிற மையத்துப் பட்டியலில் நம் வீட்டுப் பெட்டிக்குத்தான் முதல் இடமாம். நீ சொல்லச் சொன்னதாக அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அம்மாகிட்ட சொல்லுங்க, நான் அனுப்பின பணத்துலயே உருப்படியான செலவு அந்த மெஷின்தான்." அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். நான் வேலி ஓரம் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம் அவர் போனில் படம் காட்டினார். மேலே பழைய கோடு, கீழே புதுக்கோடு. மேலே இருந்தது சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருந்தது. கீழே இருந்தது வெறும் கோடு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பெட்டி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ சின்னப் பையன். வந்த அதிகாரி கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். வலது காலில் செருப்பு வார் அறுந்திருந்ததால் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நம் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடி ஆழம்வரை ஒரே பாறை, இப்படிக் கிடைக்காது என்று பூரித்துப்போனார். அந்தப் பாறையின் மறுமுனைதான் அம்மா துணி துவைக்கிற கல் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த தடவை நீளமான காகிதத்தோடு வந்தார். காலை முழுக்க ஒரே இடியாக இருக்கிறது, இங்கே என்ன நடக்கிறது என்று சத்தம் போட்டார். அம்மா ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விடுதிக்காரர்களின் படுக்கை விரிப்பைத் துவைக்கிறேன், உங்கள் பெட்டிக்காக அவர்களை அழுக்கில் படுக்கச் சொல்லவா என்று கேட்டாள். மனிதர் வந்த வழியே திரும்பிப் போனார்.

அந்தக் காகிதத்தை நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். அம்மா ஒவ்வொரு தடவை அடித்ததற்கும் அதில் ஒரு முள் இருந்தது. இங்கே அம்மா மூச்சு வாங்கியிருக்கிறாள், இங்கே அடுத்த விரிப்பை எடுத்திருக்கிறாள் என்று விரல் வைத்துக் காட்டினாய். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோய், உலகத்தில் எந்த மலை புகைகிறது, எந்தத் தரை நடுங்குகிறது என்று பார்க்கிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. நம் பெட்டியின் கோட்டைப் பார்த்து இது என்ன என்று யாராவது கேட்டால், "அது எங்க அம்மா" என்று சொல்வாயாமே. அம்மா இதைத் தண்ணீர் லாரிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

அவள் விழுந்தது கல்லுக்குப் பக்கத்தில்தான். ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று நினைத்துத் தூக்கப் போனேன். இடுப்பு எலும்பு போயிருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், விழுந்ததால் எலும்பு முறியவில்லை, எலும்பு முறிந்ததால்தான் விழுந்திருக்கிறார்கள் என்றார். உள்ளே புற்று அரித்திருக்கிறது. எங்கிருந்து ஆரம்பித்தது, எதுவரை போயிருக்கிறது என்றெல்லாம் சொன்னார். மெக்கானிக்கிடம் அந்தக் காகிதங்களைக் கொடுத்திருக்கிறேன், அதையும் அனுப்புவார். நீ படித்துப் புரிந்துகொள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு வந்த முதல் கவலை என்ன தெரியுமா? கல் சத்தம் நின்றுபோனால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதுதான். என்னைப் போய் துவைக்கச் சொன்னாள். போய் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, யாரோட சண்டை போடறீங்க? அவன் பார்த்தா வீட்டுல திருடன் புகுந்துட்டான்னு நினைப்பான். விடுங்க." என் தோளும் அதற்கு மேல் எழும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தபோதுதான் மெஷின் வாங்கிவிட்டோம் என்றாள். ஓடுகிற சத்தத்தைக் காட்டு என்று நீ கேட்டதற்கு, இது சத்தமே வராத மெஷின் என்று ஒரு போடு போட்டாள். நீ நம்பிவிட்டாய். போன் கேமராவில் கீறல் விழுந்துவிட்டது, முகம் தெரியாது என்றாளே, அதையும் நம்பிவிட்டாய். உன்மேல் தப்பு இல்லை. அம்மா கடைசியில் ஓய்வெடுக்கிறாள் என்று எந்தப் பிள்ளைதான் சந்தோஷப்படமாட்டான்?

ஏன் மறைக்கிறாய் என்று அவளோடு நிறைய சண்டை போட்டுவிட்டேன். எல்லாம் நீ இப்போது காவல் காக்கிற அந்த எரிமலைக்காகத்தான். மலை உப்பிக்கொண்டே வருகிறது, உள்ளே குட்டி குட்டியாக அதிர்கிறது என்று நீ சொன்னதிலிருந்து அவளுக்குச் சதா அந்த நினைப்பு. ஒரு தடவை நீங்கள் சொல்லி அடிவாரத்து ஜனங்களைக் கிளப்பிவிட்டு, ஒன்றும் நடக்காமல், அவர்கள் திட்டிக்கொண்டே வீடு திரும்பினார்கள் என்று சொன்னாயே, அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பிள்ளையை எல்லோரும் ஏசியிருப்பார்களே என்று புலம்பினாள். அடுத்த தடவை கிளப்பினால் வருவார்களோ மாட்டார்களோ, அதனால் சரியான நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு நீ அங்கே இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. தினமும் ரேடியோவில் செய்தி முடிந்ததும், மலை அடங்கிவிட்டதா என்று கேட்கிறாள். அடங்கட்டும், அப்புறம் நானே அவனிடம் சொல்கிறேன் என்கிறாள்.

மலை அடங்கும்வரை இவள் தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கி இருந்த காகிதங்கள் அவை.

அதனால்தான் சத்தியத்தை மீறினேன். அதை நான் அவளோடு பார்த்துக்கொள்கிறேன்.

வா என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதட்டுமா என்று மெக்கானிக் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நேற்றுகூட இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அங்க கீழே இருக்கறவங்க எல்லாம் மனுஷங்க இல்லையா? என் ஒருத்திக்காக அவனைக் கூப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உன் நாற்காலியில் உன்னளவு விவரமான ஆள் வேறு யாராவது உட்கார முடியுமென்றால், அவர் கையில் மலையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பி வா. நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதே. அப்படி ஆள் இல்லையென்றால் அங்கேயே இரு. அப்பா கோபித்துக்கொள்வார் என்று ஒருபோதும் நினைக்காதே. எது செய்தாலும் நீ செய்தது சரி என்றுதான் நான் ஊரில் சொல்வேன்.

வர முடியாமல் போனால், ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போலப் பேசு. உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. எப்படி இருக்கிறாய் என்று கேள். நல்லா இருக்கேன் என்பாள். நம்பியவன் மாதிரியே மேலே பேசு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் தம்பி, வேலை இருக்கிறது, வைக்கிறேன் என்று நீயாகப் போனை வைக்காதே. நடுவில் அவள் களைத்துப்போய் பேச்சு நின்றுவிடும். அப்போதும் வைக்காதே. அவள் மூச்சு கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டு இரு. நான் அவள் காதிலிருந்து போனை எடுக்கும்வரை இரு.

நீயும், உன்னை நம்பி அந்த மலையடியில் படுத்துத் தூங்குகிறவர்களும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா