சூரியன் எந்தப் பக்கம்?

நவ. 11, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் முழங்கால் தண்ணீராம். காலேஜுக்குப் போகவில்லை. லேப்டாப்பும் நானும்.

அதே விண்கலப் படங்கள், அதே சூரியப் புயல். ஒவ்வொரு படத்திலிருந்தும் முந்தையதைக் கழித்தால் நட்சத்திரங்கள் போய், சூரியக் காற்று மட்டும் மங்கலாக நகர்வது தெரியும். வெளியே போக வேண்டிய காற்று. என் படங்களில் சூரியனுக்கே திரும்பி வருகிறது! நேற்றே கைடு சாரிடம் உளறிவிட்டேன். "கான்ஃபரன்ஸுக்கு அனுப்பலாம், எழுதிக் குடும்மா" என்றார். கொடுத்தும் ஆயிற்று. தப்பாக இருந்தால் ஊரே கழுவி ஊற்றும். சார் மானமும் சேர்ந்து போகும்.

மாடிப்படியில் கீழ் வீட்டு மேரி அக்கா: "இன்னா கண்ணு, காத்து ஆராய்ச்சினு சொல்லிகினு கீற, துணி காயுமா காயாதா?"
தெரியாது அக்கா.

வாங்க: பால், கொசுவர்த்தி, அருளுக்கு ரெயின்கோட்.

நவ. 12, புதன்
மழை விட்டது. தூக்கம் இல்லை. அருள் சிறுசேரி ஆபீஸ் கேப் ஏறும்போது, "அவார்டு வாங்கறப்ப புருஷன் பேரையும் சொல்லு" என்கிறான். எரிச்சல்.

வேறு மாதப் படங்களையும் போட்டுப் பார்த்தேன். அதிலும் காற்று உள்ளேதான் போகிறது. இன்னொரு மாதம். அதிலும். ஒரு புயல் திரும்பினால் கண்டுபிடிப்பு. எல்லாப் புயலும் திரும்பினால் தப்பு என்மேல்.

மதியம் பிடிபட்டது. படத்துக்குள் சூரியன் தெரியாது. வெளியே வலப்பக்கம் இருப்பதாக என் புரோகிராமில் கணக்கு. ஆனால் ஆன்டெனா பூமியைப் பார்ப்பதற்காக, நடுவில் விண்கலத்தையே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். அதன்பிறகு எடுத்த என் படங்களில் எல்லாம் சூரியன் இடப்பக்கம். படக் கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. லூசு, லூசு.

பக்கத்தை மாற்றினேன். காற்று சமர்த்தாக வெளியே போகிறது. அப்பாடா. ஆனால் சாரிடம் யார் சொல்வது?

நவ. 13, வியாழன்
வெயில். காலை டிபன் இறங்கவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் சாரின் பெரிய மூச்சு. "நல்லவேளைம்மா. நான் அத இன்னும் அனுப்பவே இல்ல. என்னால நம்பவும் முடியல, அவ்ளோ சந்தோஷமா இருந்த உங்கிட்ட அத சொல்லவும் வாய் வரல. எனக்கும் தூக்கமே இல்ல, போ."

வைத்ததும் அழுகை. அப்புறம் பசி. இட்லி ஆறு.