மனுஷனுக்கு வைக்காத சென்சார்

போன ஞாயிறு இந்த வருடத்தின் முதல் ஆராதனை. பாஸ்டரம்மா, வருடம் முழுவதுக்கும் ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் பரப்பி ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஒன்றை எடுத்தேன். கை தானாக இன்னொன்றுக்கும் போய்விட்டது. போன வருடம் நீ ஷிப்டில் இருந்ததால் உன் அட்டையையும் நான்தானே எடுத்து வந்தேன். "என் வருஷத்த நீ தூக்கிட்டு வந்திருக்கியாக்கும்" என்று சிரித்தாய். பாஸ்டரம்மா தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் மாடி அறைக்கு நீ குடிவந்தபோது, திருநெல்வேலிக்காரிக்கு வாய் அதிகம் என்று அம்மா முணுமுணுத்தாள். ஒரே மாதத்தில் அவளே உனக்கு மீன் குழம்பு எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஒரகடத்தில் ஒரே கம்பெனி, தகடு அழுத்தும் ஒரே பிரஸ் லைன், ஒரே பஸ். அதனால்தான் ரேவதிக்கு நடந்ததை நாம் இரண்டு பேருமே பார்த்தோம்.

வடக்குப்பட்டிலிருந்து வரும் அந்தப் பெண் அன்று நமக்கு எதிர் மிஷினில் இருந்தாள். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சார் அடிக்கடி மிஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. டார்கெட் போகிறது என்று சூப்பர்வைசர் வந்து சாவியைத் திருப்பி அதை அணைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் ரேவதியின் இரண்டு விரல் போய்விட்டது. மறுநாள் அவர் நம்மைத் தனியாகக் கூப்பிட்டார். "என்கொய்ரில கேப்பாங்க. அந்தப் பொண்ணே ஆஃப் பண்ணிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. உங்க தம்பி பர்மனென்ட் லிஸ்ட்ல கீறான் இல்ல?" என்றார். கடைசிக் கேள்வி எனக்கு மட்டும்.

அந்தப் பொய்யைச் சொன்னால் ரேவதிக்கு வேலையும் போகும், நஷ்ட ஈடும் கிடைக்காது. உண்மையைச் சொன்னால் தம்பியின் வேலை போகும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 'உண்மையைச் சொல்', 'சொல்லாதே' என்று இரண்டு சீட்டு எழுதிச் சுருட்டி, டம்ளரில் போட்டு, முட்டி போட்டேன். நீ குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து எட்டிப் பார்த்தாய்.

"என்னட்டி இது? ஒண்ணு உண்மை, ஒண்ணு பொய்யி. பொய் சொல்லட்டுமான்னு ஆண்டவருட்டயே கேக்கியே, வெக்கமா இல்ல?"

"அவுரு காட்டட்டும்னுதான்..."

"மிஷினுக்கு மனுஷன் சென்சார் வெச்சிருக்கான். மனுஷனுக்கு ஆண்டவர் வைக்கல. ஏதேன்ல திங்கக்கூடாதுன்ன மரத்தச் சுத்தி வேலியா போட்டாரு?"

"வெச்சிருந்தா உன் வாய்க்குத்தான் மொதல்ல வெச்சிருப்பாரு" என்றேன். நீ சிரித்தாய். சீட்டுகளை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாய். உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் கெடக்கு. பயப்படாதேன்னு சொல்லுததுக்கு நான் என்ன காபிரியேல் தூதனா? சேந்து போவோம், வா" என்றாய்.

சேர்ந்து போகவில்லை. மழை விட்டதும் உனக்கு டெங்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உன் அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத் துக்கம் இருந்த அளவுக்கு உன்மேல் கோபமும் இருந்தது. என்னைத் தனியாக மாட்டிவிட்டுப் போய்விட்டாயே.

கர்த்தருடைய சித்தம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள்: "சொல்றன்னு நின்னவளயே அவுரு எட்துக்கினாரு. உன்ன மாட்ட வுடாம காப்பாத்துறாருன்னு புரியல? கம்முனு கெட." உன் சாவையே ஒரு சீட்டாக எடுத்துப் பிரித்துப் படிக்கச் சொல்கிறாள். கொடுமை என்னவென்றால், அதில் 'சொல்லாதே' என்று எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

உன்னிடம் கேட்க ஒன்று இருந்தது. ரேவதியின் விரலுக்கு ஒரு மனுஷன் திருப்பிய சாவி காரணம். உன் காய்ச்சலுக்கு எந்தச் சாவியை யார் திருப்பினார்கள்? இதற்கு உன்னிடமும் பதில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாதது ஒன்று இருப்பதால், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்பதுதான் வியாழக்கிழமைவரை என்னை அரித்தது.

வியாழக்கிழமை என்கொய்ரிக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறை. சூப்பர்வைசரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஜெபம் பண்ணப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. எந்த வசனமும் ஞாபகத்துக்கு வரவில்லை. சாவியைத் திருப்பியது இவர்தான், நான் பார்த்தேன் என்றேன். என்னோடு பார்த்தவள் இப்போது இல்லை என்றும் சொன்னேன்.

நல்லது செய்தால் மனம் லேசாகும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். எனக்கு ஆகவில்லை. தம்பி என்னோடு பேசுவதில்லை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். என்னை லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள்; அடுத்த மாதம் அதுவும் இருக்குமா தெரியாது.

நேற்று பாஸ்டரம்மா வழியில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கர்த்தர்தாம்மா உன் வாயில வார்த்தைய வெச்சாரு."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். "இல்லம்மா, அவுரு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்" என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியின் வேலை போனால், அதைக் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி நான் தூங்க முடியாது. பாதி ராத்திரியில் விழிப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டும். நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது இதுதான்.